அயித்தானின் ஆயுதக் கொட்டில்

போன தைப்பொங்கல் அன்று, பால் பொங்கி அடங்கிய கையோடு என் மகன் கேட்டான்: "அப்பச்சி, நீங்க சின்னப்புள்ளையில ஆடுன கான்ட்ரா கேமைக் கையில வச்சே ஆடலாமாமே. எனக்கு ஒண்ணு வாங்கித் தாங்க."

ஒன்பது வயதுப் பையன் கேட்கிற பொருள்தானே, காரைக்குடி நூறடி ரோட்டில் ஏதாவது ஒரு கடையில் வாங்கிவிடலாம் என்று வேட்டியை மடித்துக் கட்டியேவிட்டேன். அந்தப் பாவத்தைச் செய்யவிடாமல் என்னைத் தடுத்தாட்கொண்டவர் அயித்தான், என் ஆச்சியின், அதாவது அக்காவின், கணவர். பழைய வீடியோ கேம் ஆடும் கைப்பொட்டிகளைத் தேர்ந்தெடுப்பதில் இந்தப் பக்கம் திருப்பத்தூர், அந்தப் பக்கம் தேவகோட்டை வரைக்கும் அவருக்கு இணை கிடையாது. ஐந்து வருடமாகத் தேர்ந்தெடுத்துக்கொண்டிருக்கிறார்.

"தம்பி, அவசரப்படாதீங்க" என்று முகப்புத் திண்ணையில் உட்காரவைத்தார். "மொதல்ல ஒண்ணு சொல்லுங்க. பையன் எதுவரைக்கும் ஆடுவான்?"

"ராத்திரி ஒன்பது மணி வரைக்கும்" என்றேன்.

அயித்தான் பெருந்தன்மைக்காரர். சிரிக்கவில்லை. 8 பிட் போதுமா, 16 பிட் வேண்டுமா, பிளேஸ்டேஷன் ஒன்று ஓட வேண்டுமா, ட்ரீம்காஸ்ட் ஓட வேண்டுமா என்பதே கேள்வி என்று விளக்கினார். கான்ட்ரா என்றேன். அது 8 பிட். ஆனால் இன்று கான்ட்ரா கேட்கிறவன் நாளைக்கு டெக்கன் கேட்பான், அப்போது பொட்டி திணறும், திணறினால் பையன் மனசு உடையும். பேரன் படிக்கப்போகும் கல்லூரிக்கு இப்போதே இடம் பிடித்து வைக்கிற தூரப்பார்வை அது. என்னைப் போன்றவர்கள் பையனுக்குச் செருப்பு வாங்கும்போதுகூட ஓர் அளவு கூடுதலாக வாங்குவதோடு நின்றுவிடுகிறோம்.

எங்கள் பக்கத்து முன்னோரும் தேர்ந்தெடுப்பதில் சாமானியர்கள் இல்லை என்று சொல்வார்கள். பர்மாவில் நின்று தேக்கைத் தட்டிப் பார்த்தார்கள், இத்தாலியிலிருந்து சலவைக்கல் எடுத்தார்கள், பெல்ஜியத்திலிருந்து நிலைக்கண்ணாடி எடுத்தார்கள். ஆனால் அவர்களிடம் ஒரு பொறுமைக் குறைவு இருந்திருக்கிறது. எடுத்ததைக் கப்பலில் ஏற்றி, வீட்டைக் கட்டி, பால் காய்ச்சிக் குடியேறிவிட்டார்கள். அடுத்த வருடம் இதைவிட நல்ல தேக்கு வரப்போகிறது என்று ஓர் ஆளாவது காத்திருந்ததாகத் தெரியவில்லை. அந்தக் குறையை அயித்தான் ஒற்றை ஆளாக நிவர்த்தி செய்துவருகிறார்.

அவருடைய ஞாபகசக்தியைச் சொல்ல வேண்டும். நகரத்தாரின் ஒன்பது கோவில்களை வரிசையாகச் சொல்லச் சொன்னால் இரணியூரைத் தாண்டியதும் மேலே பார்ப்பார். ஆனால் ஆன்பெர்னிக் கம்பெனி இறக்கியவற்றை, ஆர்ஜி 28 எக்ஸ்எக்ஸ், ஆர்ஜி 35 எக்ஸ்எக்ஸ் பிளஸ், அதே 35-இல் ஹெச், அதே 35-இல் எஸ்பி, 40-இல் ஹெச், 40-இல் வி, க்யூப் எக்ஸ்எக்ஸ், 34 எக்ஸ்எக்ஸ் என்று ஒரே மூச்சில் சொல்வார். கேட்கிறவர்களுக்கு சகஸ்ரநாமம் கேட்ட புண்ணியம். இத்தனைக்கும் உள்ளே இருப்பது ஆல்வின்னர் ஹெச்700 என்கிற ஒரே சிப்தான். ஒரே மாவைக் குழியில் ஊற்றினால் பணியாரம், கல்லில் ஊற்றினால் தோசை, தட்டில் ஊற்றினால் இட்லி. மாவு புளித்துவிட்டதா என்று பார்ப்பதோடு மற்றவர்கள் நிறுத்திக்கொள்வார்கள். அயித்தான் அப்படியில்லை. குழியின் ஆழத்தை அளந்து, கல்லின் கனத்தை அளந்து, தட்டின் ஓரம் உள்ளங்கையில் உறுத்துகிறதா என்று பார்த்து, பிறகு பசியில்லை என்பார்.

திரை விஷயத்தில் அவருடைய நுணுக்கம் இன்னும் ஒரு படி மேல். கேம் பாய் திரை 160-க்கு 144 புள்ளி. கேம் பாய் அட்வான்ஸ் 240-க்கு 160. பழைய டிவி கேம்கள் நாலுக்கு மூன்று விகிதம். பிஎஸ்பி என்றால் பதினாறுக்கு ஒன்பது. ஆக, எந்தத் திரையை எடுத்தாலும் ஏதோ ஒரு கேமுக்கு ஓரத்தில் கறுப்புப் பட்டை விழும். அந்தப் பட்டையை அயித்தானால் தாங்க முடியாது. நாலுக்கு மூன்று திரையில் அட்வான்ஸ் கேமைப் போட்டால் மேலும் கீழும் பட்டை. அதற்காகவே 720-க்கு 480 திரையோடு 34 எக்ஸ்எக்ஸ் வந்தது. ஒரு புள்ளிக்கு மூன்று புள்ளி, கணக்கு அப்படியே பொருந்துகிறது. வரவழைத்தார். அட்வான்ஸ் கேம் பட்டையில்லாமல் நிறைந்தது. உடனே அதில் மாரியோவைப் போட்டார். இடமும் வலமும் பட்டை. சதுரத் திரை இருந்தால் எல்லாருக்கும் பொது என்று 720-க்கு 720 க்யூபை எடுத்தார். சமத்துவம் வந்துவிட்டது. கேம் பாய் முதற்கொண்டு அதில் எல்லாக் கேமுக்கும் பட்டை விழுகிறது.

இப்படிக் கண்ணைப் பறிக்கிற தெளிவான திரையைக் காசு கொடுத்து எடுத்த பிறகு அவர் செய்வதைப் பார்க்கத்தான் கொடுத்துவைக்க வேண்டும். ஷேடர் என்று ஒன்று. அதைப் போட்டால் படத்தின் குறுக்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் ஓடும், ஓரம் கொஞ்சம் மங்கும், நிறம் லேசாகப் பிசிறும். அந்தக் காலத்து சாலிடேர் டிவியில் பார்த்தது போலவே ஆகிவிடும். கேம் பாய் என்றால் பாசி பிடித்த குளத்துப் பச்சை. அதற்கும் தனி ஷேடர். அப்பச்சி காலத்து டிவியில் ஓசியாகக் கிடைத்த மங்கலை, இன்றைக்கு ஆயிரக்கணக்கில் செலவு செய்து, மூன்று ராத்திரி கண்விழித்து, அச்சு அசலாகக் கொண்டுவந்துவிட்டார். முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் புதுப் பலகைக்குத் தேநீர்ச் சாயம் ஏற்றி நூறு வருஷத்துப் பலகையாக்க ஒரு கைத்திறன் வேண்டும் என்பார்கள். அந்தக் கைத்திறன் எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.

ஆச்சிக்கு முதலில் ஒரு சந்தோஷம் இருந்தது. ஒருநாள் இரண்டாங்கட்டில் குழம்புக்கு அரைத்துக்கொண்டிருந்தபோது, பட்டாசாலையில் இவர் போனில் யாரிடமோ, "வெங்காயம் போட்டாச்சு, நல்லா வந்திருக்கு. இன்னொண்ணுல பூண்டு ஏத்தணும்" என்று சொல்வது கேட்டிருக்கிறது. இருபது வருஷத்துக்குப் பிறகு மனுஷருக்குச் சமையல் மேல் நாட்டம் வந்துவிட்டது என்று அரிவாள்மனையைக் கழுவி வைத்துக் காத்திருந்தாள். மியூ மினி என்கிற பொட்டிக்கு ஆனியன் என்றும், முதலில் வந்த 35 எக்ஸ்எக்ஸுக்கு கார்லிக் என்றும் ஆர்வலர்கள் எழுதிய இயங்குதளங்கள் அவை. கம்பெனி போட்டு அனுப்புவதை அழித்துவிட்டு இவற்றை ஏற்றுவதுதான் முறை. ஏற்றுவார். ஏற்றிய பிறகு ஒவ்வொரு கேமுக்கும் அட்டைப்படம் இறக்குவார். அட்டைப்படம் ஜப்பான் பதிப்பா, அமெரிக்கப் பதிப்பா என்று பார்த்து மாற்றுவார். நாலாயிரம் கேமுக்கும் இப்படிச் செய்துமுடித்த மாதத்தில் வெங்காயத்தின் புதுப் பதிப்பு வரும். மறுபடியும் முதலிலிருந்து உரிப்பார். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் வராது.

நாலாயிரம் கேம் என்றேன். இந்தப் பொட்டிகளை விற்பவர்களின் கொடைக்குணத்தை இங்கே வணங்காமல் போனால் நன்றிகெட்டவனாவேன். பெட்டியைத் திறந்தால் உள்ளே ஒரு மெமரி கார்டு. அதில் நிண்டெண்டோ, செகா, சோனி, கொனாமி, கேப்காம் என்று நாற்பது வருஷத்து உழைப்பு அள்ளிக் கொட்டிக் கிடக்கும். அந்தக் கம்பெனிகளுக்கு இதில் சல்லிக்காசு போவதில்லை என்பது வேறு விஷயம். ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று பரிமாறும்போது கை தாராளமாகத்தானே இருக்கும். 1985-இல் வந்த சூப்பர் மாரியோ மொத்தமே 40 கேபி. காலையில் சம்பந்தி வீட்டிலிருந்து வாட்சப்பில் வரும் ரோஜாப்பூ வணக்கம் அதைவிடப் பெரிசு. 64 ஜிபி கார்டை இந்த மாதிரி கேம்களால் நிரப்ப வேண்டும் என்றால் உலகத்தில் வந்த அத்தனையையும் போட்டாலும் இடம் மிஞ்சும். மிஞ்சுகிறதே என்று அயித்தான் 256 ஜிபி கார்டு வாங்கினார்.

பொருள் வரும் வழி தனிக்கதை. 2020 நவம்பரில் இந்திய அரசு, இந்தப் பொட்டிகள் விற்கும் அலிஎக்ஸ்பிரஸ் உட்பட 43 சீனச் செயலிகளைத் தடை செய்தது. மற்றவர்களாக இருந்தால் மனம் தளர்ந்திருப்பார்கள். அயித்தான் நகரத்தார் ரத்தம். கொண்டு விற்கப் போன பரம்பரைக்குக் கொண்டுவரச் சொல்லவா தெரியாது? சிங்கப்பூரிலிருந்து திருச்சி ஏர்போர்ட்டில் வந்து இறங்குகிற உறவுக்காரர் எவருக்கும் இவரிடமிருந்து முன்கூட்டியே போன் போய்விடும். முன்பெல்லாம் சிங்கப்பூரிலிருந்து வருகிறவரிடம் கோடாலித் தைலமும் சாக்லேட்டும் கேட்பார்கள். பங்காளி ஒருவர் சாவுக்கு வந்தபோதும், சிம் லிம் ஸ்கொயரில் கிடைத்தால் ஊதா நிறம், ஒளி ஊடுருவுகிற ஓடு, கிடைக்காவிட்டால் சாம்பல் நிறம் என்று சொல்லி அனுப்பியிருந்தார். வந்தவர் துக்கத்துக்கு நடுவில் ஊதாவுக்கும் சாம்பலுக்கும் அலைந்திருக்கிறார். கேதத்துக்கு வந்தவர்களையும் வேலை கொடுத்துத் தேற்றுகிற மனசு எத்தனை பேருக்கு வரும்?

இப்போது அவர் கணக்கில் ஏழு பொட்டி. வளவு அறை ஒன்றில், அவருடைய ஆயா காலத்துச் சாமான் இருந்த பீரோவில் அவற்றை அடுக்கியிருக்கிறார். எங்கள் வீடுகளில் பெண்ணுக்குக் கொடுத்த சாமானைக் கல்யாணத்தன்று பரப்பி வைப்பார்கள். ஊரே வந்து எண்ணிப் பார்க்கும். பிறகு உள்ளே போன ஸ்வீடன் எனாமல் வாளி, அடுத்த தலைமுறை கல்யாணத்துக்குத்தான் வெளிச்சம் பார்க்கும். அந்த அலமாரிக்குப் பொருத்தமான குடித்தனம்தான் வந்திருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஜிப் வைத்த உறை, திரைமேல் கண்ணாடி, கைப்பிடிக்கு ரப்பர் கவசம், ஈரம் உறிஞ்ச சிலிக்கா பொட்டலம். தொண்டைமானின் ஆயுதக் கொட்டிலை ஔவையார் பார்த்து, பீலி சூட்டி நெய் பூசி எத்தனை அழகாகக் காவலில் வைத்திருக்கிறீர்கள் என்று வியந்தாளாமே, அவள் இன்றைக்கு காரைக்குடிக்கு வந்தால் அந்த பீரோ முன்னால் நின்று இன்னொரு பாட்டுப் பாடுவாள் என்றுதான் நினைக்கிறேன்.

போன மாசியில் என் முன்னால்தான் அதைத் திறந்தார். மூன்றாவது உறையின் ஜிப் பாதியில் நின்றது. இழுத்துப் பிரித்தால், பொட்டியின் பின்பக்கம் எண்ணெயில் போட்ட பூரி மாதிரி உப்பியிருக்கிறது. இரண்டு திருகாணி தெறித்து உறைக்குள் கிடந்தன. ஓட்டின் இடுக்கு வழியே வெள்ளி நிறப் பை ஒன்று எட்டிப்பார்த்தது. ஆடவும் செய்யாமல், அவ்வப்போது சார்ஜ் ஏற்றவும் செய்யாமல் கட்டிப்போட்டால் லித்தியம் பேட்டரி உள்ளேயே கெட்டு வாயு கட்டும். அவ்வளவுதான் சங்கதி. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்ச ரூபாயும் கொடுக்க, 1948-இல் நேரு அடிக்கல் நாட்ட, 1953 ஜனவரி 14-ஆம் தேதி திறந்த சிக்ரி இதே ஊரில் இருக்கிறது. மின்கலம் உட்பட மின்வேதியியலை ஆராய்வதையே வேலையாகக் கொண்ட நிலையம். அங்கே விஞ்ஞானிகள் ஆய்வுக்கூடத்தில் செய்துபார்ப்பதை அயித்தான் அரசாங்கத்துக்கு ஒரு பைசா செலவில்லாமல் பீரோவுக்குள்ளேயே நடத்திக் காட்டியிருக்கிறார். உப்பிய பொட்டியை அவர் மணல் நிரப்பிய பழைய வாளியில் மெதுவாக இறக்கி முற்றத்தில் வைத்தார். அந்த எனாமல் வாளிக்கு எண்பது வருஷம் கழித்து ஒரு வேலை கிடைத்தது.

ஆடவே இல்லை என்று சொன்னால் அது அபாண்டம். வெங்காயத்தில் ஒரு வசதி உண்டு. எந்தக் கேமை எவ்வளவு நேரம் ஆடினோம் என்று அதுவே கணக்கு எழுதி வைக்கும். அயித்தான் காபி குடிக்கப் போன நேரத்தில் அந்தப் பேரேட்டைத் திறந்து பார்த்தேன். பேரேடு கண்டால் புரட்டிப் பார்ப்பது எங்கள் ஜாதகத்திலேயே இருக்கிறது. மாரியோ, 11 நிமிடம். டெட்ரிஸ், 4 நிமிடம். அட்வான்ஸ் கேம் ஒன்று, 50 விநாடி, அது பட்டை விழுகிறதா என்று பார்த்த நேரமாக இருக்கும். இரண்டு வருடத்து ஐந்தொகை இவ்வளவுதான். பற்றும் வரவும் பார்த்தால் நிமிடத்துக்கு இருநூறு முந்நூறு ரூபாய் ஆகிறது. பிளேனில் முதல் வகுப்பில் போகிறவர்களுக்கே கட்டுப்படியாகாத சொகுசு.

அவருக்கு ஒரு குருநாதர் உண்டு. நிண்டெண்டோவில் இருந்த குன்பெய் யோகோய். ரயிலில் ஒருவர் பொழுது போகாமல் கால்குலேட்டரை நோண்டிக்கொண்டிருந்ததைப் பார்த்து, 1980-இல் கேம் அண்ட் வாட்ச் செய்தவர். பழசாகி விலை குறைந்த பாகங்களைக்கொண்டு புதுசாக யோசிப்பதுதான் அவர் வழி. 1989-இல் கேம் பாயை இறக்கியபோது அதில் வண்ணம் கிடையாது, திரைக்கு வெளிச்சம் கிடையாது, நாலு பென்சில் பேட்டரி. எதிரே செகா இறக்கிய கேம் கியர் வண்ணத்தில் ஜொலித்தது. ஆறு பேட்டரியைப் போட்டால் மூன்று மணியிலிருந்து ஐந்து மணி நேரத்துக்குள் குடித்துத் தீர்த்துவிடும். ஜெயித்தது எது என்று ஊருக்கே தெரியும். இந்தக் கதையைக் கண் கலங்க, பாதி ராத்திரி வரை சொல்வார் அயித்தான். "போதும்னு ஒரு எடத்துல நிறுத்துனார் பாருங்க தம்பி, அதான் யோகோய்." சொல்லிமுடித்து, அதே சூட்டோடு, அடுத்த மாதம் வரப்போகிற பொட்டியின் இரண்டு மணி நேர விமர்சன வீடியோவை விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார். அதை ஒன்றரை மடங்கு வேகத்தில் பார்ப்பதால் அரை மணிக்கு மேல் நேரம் மிச்சமாகிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

தையில் உட்கார்ந்த ஆலோசனை மாசியில் பாதி முடிந்திருந்தது. நிமிர்ந்த பொட்டியா, படுத்த பொட்டியா என்பது தீர்ந்தது: படுத்தது. அனலாக் குச்சி ஒன்றா இரண்டா என்பது கிட்டத்தட்டத் தீர்ந்தது. பங்குனிக்குள் ஷோல்டர் பட்டன் வந்துவிடும் என்று அயித்தான் உறுதியளித்தார். பையனின் உள்ளங்கையை ஸ்கேலால் அளந்துகொண்டு போனார். வளர்கிற கை என்பதால் ஆறு மாதம் கழித்து மறுபடி அளக்க வேண்டும் என்றும் சொன்னார்.

இடையில் மீனாட்சிபுரம் முத்துமாரியம்மன் திருவிழா வந்தது. பால்குடம் பார்க்கப் போன கூட்டத்தில், வளையல் கடைக்கும் பஞ்சுமிட்டாய்க்கும் நடுவில், தார்ப்பாய் விரித்த ஒருவரிடம் அந்த அநாகரிகமான சாதனத்தை என் மகன் பார்த்துவிட்டான். சப் என்று பெயர், 400 கேம் என்று அட்டையில் போட்டிருந்தது. அறுநூறு சொன்னார், ஐந்நூற்று ஐம்பதுக்குக் கொடுத்தார். திரை விகிதம் கேட்கவில்லை. சிப் கேட்கவில்லை. உள்ளே நோக்கியாவின் பிஎல்-5சி அளவில் ஒரு பேட்டரி. கெட்டுப்போனால் செக்காலை ரோட்டில் எந்த செல் கடையிலும் கிடைக்கும். அதோடு டிவியில் மாட்ட ஒரு வயரும், இரண்டாவது ஆள் பிடிக்க ஒரு கன்ட்ரோலரும் கொடுத்தார்கள். அயித்தானிடம் இதைச் சொல்லும் துணிச்சல் எனக்கு வரவில்லை.

இப்போது அந்தப் பொட்டியைப் பார்க்கிறவர்களுக்கு இரக்கம் வரும். ஏ பட்டனில் எழுத்து தேய்ந்து வழவழவென்று இருக்கிறது. பேட்டரி மூடி எப்போதோ உடைந்து, இட்லி மாவுப் பையில் வந்த ரப்பர்பேண்ட் இரண்டு சுற்றிப் பிடித்திருக்கிறது. ஒரு மூலையில் பசை, அது கந்தரப்பத்தின் வெல்லம். உறையும் கிடையாது, கண்ணாடியும் கிடையாது. ஒருமுறை கிணற்றடியில் விழுந்து, வெயிலில் காயவைத்து, மறுபடி ஓடியது. முப்பது உயிர் கிடைக்க மேல மேல, கீழ கீழ என்று அமுக்குகிற அந்தப் பழைய வித்தையை, முப்பது வருஷத்துக்கு முன்னால் நான் யாரிடமோ கற்றதை, அவன் யாரும் சொல்லாமலே பள்ளிக்கூடத்தில் பிடித்துக்கொண்டு வந்துவிட்டான்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அயித்தான் வந்தார். கையில் ஒரு தாள். இரண்டே இரண்டு பொட்டியாகச் சுருக்கிவிட்டதாகவும், மூன்றாவதாக ஒன்று வரப்போவது தெரிந்ததால் கொஞ்சம் பொறுக்கலாம் என்றும் சொல்லிக்கொண்டே பட்டாசாலைக்குள் நுழைந்தார். டிவியில் கான்ட்ராவின் காடு ஓடிக்கொண்டிருந்தது. பையன் தரையில் ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சியில் சம்மணமிட்டு, திரையிலிருந்து கண் எடுக்காமல், இரண்டாவது கன்ட்ரோலரை நீட்டினான்.

"மாமா, ரெண்டாவது ஆளா வாங்க. கூட ஆட யாரும் இல்ல."

அயித்தான் வாங்கிக்கொண்டார். உட்கார்ந்தார். முதலில் எடை பார்த்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அடிப்பக்கத்தைத் திருப்பி, ஒட்டியிருந்த லேபிளைப் படித்தார். டி-பேடை நாலு பக்கமும் கட்டைவிரலால் ஆட்டிப் பார்த்து, "கீழ் முக்கு கொஞ்சம் கெட்டியா இருக்கு" என்றார். வயர் எத்தனை அடி என்று முழம் போட்டார். "இதுல என்ன சிப்புடா?"

"தெரியல மாமா. சுடுங்க."

அவர் நிமிர்ந்து திரையைப் பார்த்தபோது, அவருடைய ஆள் மூன்று தடவை செத்துப்போயிருந்தான்.